அரைத் தொட்டித் தண்ணீர்

முருகன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நம் கோயில் திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலவையினர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் கோயிலுக்கு நான் செய்த தொண்டுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் மிகவும் பக்தியோடு செய்த ஒரு தொண்டு, ஒரு மனிதரின் தோள் எலும்பை முறித்து, அவர் வேலையையும் பறிக்கப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். செயலவையினர் மன்னிக்க வேண்டும். போன மாதம் ஒர்க்‌ஷாப் பக்கம் போயிருந்தேன். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தண்ணீர் லோரியின் தொட்டிக்குள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு, "உள்ள இருக்கிற தகட வெட்டிட்டா கழுவ லேசா இருக்கும்லா" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் காதில் வாங்கிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவன். பதினேழு வயதில் ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தேன். பற்றவைக்கக் கற்றேன், பிரேக் வேலை கற்றேன், ஃபோர்மேன் ஆனேன், ஓய்வு பெற்றேன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரிகள் இந்த மலைப் பாதையில் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்பதே என் வேலை.

எங்களுக்கு மேலதிகாரி எஞ்சினியர் லிங்கம் சார். ஈப்போ ஊர்க்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அப்படியே நிற்பார். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று தோன்றும். எந்தப் பழுதானாலும் அவருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித் தர வேண்டும், தலைமை அலுவலகம் படிக்கும் என்பதால். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் பேச வரும், எழுத வராது. முதல் தடவை நான் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு, "ராமையா, இதுல நீங்க பார்த்தது எது, செஞ்சது எது, நினைச்சது எது?" என்று கேட்டார். எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. நடந்து முடிந்ததற்கு ஒரு வினைச்சொல், நடந்திருக்கலாம் என்பதற்கு வேறு ஒன்று என்று அவர்தான் எனக்குக் காட்டினார். 'தி ஹோஸ் பர்ஸ்ட்' என்று எழுதினால் குழாய் வெடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் 'மே ஹேவ்' போட வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டில் வினைச்சொற்களை மூன்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். கோ, வென்ட், கான். பிரேக், புரோக், புரோக்கன். காலையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டு முடித்ததும் அந்த நோட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுவேன். "சாமி பூஜை முடிஞ்சுது, இனி இங்கிலீஷ் பூஜையா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

நான் ஃபோர்மேனாக இருந்த ஒரு வருடம் வறட்சி. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக் குழாய்களில் தண்ணீர் நூல் போல வந்தது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் மேல் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர, தேயிலைக் கன்றுகள் வளரும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் லோரியை எஸ்டேட் மேலாளரான துரை கொடுக்கச் சொல்லிவிட்டார். கோயில் தலைவர் வந்து தொட்டியின் மேல் மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உள்ள பூரா பாசி. இந்தத் தண்ணியவா சாமி தலையில ஊத்தச் சொல்றீங்க?"

"நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

தொட்டிக்குள் குறுக்கே மூன்று இரும்புத் தகடுகள் இருந்தன. தொட்டியை நான்கு அறைகளாகப் பிரிக்கும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் போய்வர அடியில் ஓர் ஓட்டை, ஆள் நெளிந்து நுழைய நடுவில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். அரை நாள் உள்ளே கிடந்து தேய்த்தேன். தகடுகளின் மூலையில் இருந்த பாசி மட்டும் போகவே இல்லை. தொட்டி வளையாமல் இருக்கத்தான் இவற்றை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பலத்தை வெளியே கொடுத்தால் போதும் என்று மூன்றையும் காஸ் வைத்து வெட்டி, துண்டு துண்டாக வெளியே எடுத்தேன். தொட்டி பலம் குறையக் கூடாதே என்று வெளிப்பக்கம் ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்தேன். பிறகு தேய்த்து, மூன்று தடவை அலசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். மனசு நிறைந்திருந்தது.

அறிக்கை எழுதவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கோயில் வேலைக்கு எழுத்து கிடையாது. தேர் அச்சு, பல்லக்குக் கம்பி, பொங்கல் அடுப்பு, எதற்கும் நாங்கள் எழுதியதில்லை. லிங்கம் சாரும் கேட்டதில்லை. சாமி வேலையை யாராவது எழுதிக் கணக்குக் காட்டுவார்களா என்ற நினைப்பு எங்களுக்கு.

திருவிழா நாட்களில் லோரி வாய்வரை நிரம்பிக் கோயிலுக்கு வந்தது, முழுக்க இறக்கிவிட்டுப் போனது. ஒரு குறையும் இல்லை. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் லோரி நாற்றங்கால் வேலைக்குத் திரும்பியது. ஓட்டுநர் மணியம். என்னைவிடப் பத்து வயது இளையவர், வாயாடி, ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் வேறு ஆள். மேல் நாற்றங்காலில் பாதித் தண்ணீரை இறக்கினார். உதவியாளை அங்கேயே விட்டுவிட்டு, மீதிப் பாதியோடு கீழ் நாற்றங்காலுக்குத் தனியாக இறங்கினார். வழியில் முனி வளைவு. மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கும் இடம். அதைக் கடக்கும் லோரிகள் மூன்று தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போவது வழக்கம்.

அன்றைக்கு வளைவின் நடுவில் ஒரு சுற்றுலாக் கார் நின்றிருந்தது. காருக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தேயிலைச் சரிவைப் பார்த்து நிற்க, அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார். மணியம் பிரேக் அடித்தார். லோரி நின்றது. நின்ற பிறகு முன்னால் பாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து, வடிகால் பக்கம் விட்டார். லோரி மூக்கு வடிகாலில் குத்தி, தேயிலைச் செடிகள் மேல் சாய்ந்தது. மணியத்தின் தோள் எலும்பு முறிந்தது. காருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. காரில் வந்தவர்கள்தான் மணியத்தை வெளியே இழுத்தார்கள். பிறகு போய்விட்டார்கள், யார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

மேல் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியம் பார்த்திருக்கிறார். "நல்லா நின்னுச்சு. அப்புறம் யாரோ பின்னால இருந்து கை வச்சுத் தள்ளுன மாதிரி போச்சு," என்று சொன்னார். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது. மணியம் ஹார்ன் அடிக்கவில்லை, முனி தள்ளிவிட்டார்.

மணியத்தை தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

"அண்ணே, சத்தியமா நின்னுச்சு. பிரேக்குல இருந்து கால லேசா எடுத்தேன். அப்பதான் முதுகுல ஒரு அடி."

"மேல நாத்தங்கால்ல யாராச்சும் குடிக்கக் குடுத்தாங்களா?"

"காலையில பத்து மணிக்கா? நான் குடிக்கிற ஒரே சாமான் உங்க வீட்டு டீதான்." பிறகு சிரிப்பு போய்விட்டது. "நீங்க பிரேக்க பாருங்கண்ணே. நீங்க பாத்தா போதும்."

காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை தரத் துரை ஒரு வாரம் கொடுத்திருந்தார். பிரேக் பழுது என்றால் மணியம் தப்பிப்பார். பிரேக் சரி என்றால் கவனக்குறைவு, வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். மணியத்துக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் மூன்று பேர்.

லோரியை இழுத்து வந்து வேலையை ஆரம்பித்தேன். ஆறு சக்கரத்தையும் கழற்றினேன். பிரேக் கட்டைகளின் கனத்தை ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தேன். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு காற்று இறங்குகிறதா என்று முள்ளைப் பார்த்தேன். ஏதாவது ஒரு பழுது இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றும் இல்லை. பிரேக் நான் போட்டது, நன்றாகத்தான் போட்டிருந்தேன். என் வேலையின் நேர்த்தியே அந்த மனிதரின் கழுத்துக்குக் கத்தியானது.

லிங்கம் சார் பார்த்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க. காலியா ஒரு தடவை, நிரப்பி ஒரு தடவை," என்றார். முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு விதமாகவும் ஓட்டினேன். பிரேக் அடித்த இடத்தில் லோரி நின்றது. அறிக்கையில் 'தி பிரேக்ஸ் வேர் குட்', பிரேக் நன்றாக இருந்தது, என்று எழுதினேன். கண்ணால் பார்த்தது, அதனால் 'மே' போட முடியாது.

அறிக்கையை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். தொட்டியில் இருந்த தண்ணீரை இறக்கலாம் என்று முற்றத்தில் வால்வைத் திறந்துவிட்டேன். பாதி போயிருக்கும். தண்ணீர் ஒர்க்‌ஷாப் வாசலை நோக்கி ஓடியது. லோரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம் என்று வால்வை மூடி, ஏறி, பத்து இருபது அடி ஓட்டி, பிரேக் அடித்தேன். நின்றது. காலை எடுத்தேன். முதுகில் ஓர் அடி. லோரி முன்னால் குதித்தது.

உண்மையைச் சொல்கிறேன், முனிதான் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை ஓட்டி நிறுத்தினேன். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டேன். லோரி நின்ற பிறகு, பின்னாலிருந்து ஒரு பெரிய ஓசை உருண்டு வந்து, தொட்டியின் முன்சுவரில் 'டம்' என்று மோதியது. மோதியது தண்ணீர்.

இறங்கி, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பழைய இரும்பு போடும் இடத்துக்குப் போனேன். நான் வெட்டி எடுத்த தகட்டுத் துண்டுகள் அங்கே கிடந்தன. எதற்காக அவற்றை வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த இரும்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை விளக்கேற்றி முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். தகட்டைச் சத்தமில்லாமல் திரும்பப் பற்றவைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. முனி தள்ளினார் என்று சொல்ல லயமே இருக்கிறது. எனக்கும் வீடு லயத்து வீடுதான், எனக்கும் பிள்ளைகள் உண்டு. உனக்காகச் செய்த வேலைதானே, நீயே ஒரு வழி சொல் என்று கேட்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான் சமையற்கட்டிலிருந்து, "என்னா, இவ்ளோ நேரமா? யாரு குடிய கெடுத்தீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் சொன்னேன். "சரோஜா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்று மட்டும் சொன்னாள். சரோஜா மணியத்தின் மனைவி.

காலையில் லிங்கம் சாரிடம் போய், "சார், ஒரு தடவை என்கூட லோரில வாங்க," என்றேன். அரைத் தொட்டி நிரப்பினேன். முற்றத்தில் மூன்று தடவை ஓட்டி நிறுத்தினேன். மூன்று தடவையும் அவரும் முன்னால் ஆடினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள தகடு இல்ல சார். நான் வெட்டிட்டேன். திருவிழாவுக்கு."

அவர் நிற்கிற நிற்பு தெரியுமே. பிறகு தாளில் ஒரு தொட்டி வரைந்தார்.

"லோரிக்கு பிரேக் இருக்கு ராமையா. தண்ணிக்கு எங்க இருக்கு? லோரி நின்னுட்டாலும் தண்ணி அது பாட்டுக்கு வந்த வேகத்துல போவுது. அந்த எடை, அந்த வேகம், ரெண்டும் சேர்ந்த உந்தல் எங்கயாவது போய்ச் சேரணும்லா. முன் சுவத்துல சேருது. வாய்வரைக்கும் தண்ணி இருந்தா ஓட இடம் இல்ல, லோரியோட சேர்ந்து நிக்கும். பாதின்னா பெரிய அலையா எழும்பி வந்து அடிக்கும். தகடு இருந்தா அந்த ஒரு அலைய நாலு சின்ன அலையா ஒடைச்சிடும்."

"பாதி பாரம்னா லேசுன்னு நினைச்சேன் சார்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க." தாளை மடித்தார். "நானும் தொட்டிக்குள்ள எட்டிப் பார்க்கல. எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'தி பிளேட்ஸ் வேர் கட்' என்று முதலில் எழுதினேன். தகடுகள் வெட்டப்பட்டிருந்தன. தப்பில்லாத ஆங்கிலம்தான். சார் படித்தார், திருத்தவில்லை. நானே வாங்கி அடித்துவிட்டு, 'ஐ', அதாவது நான், என்று தொடங்கி மறுபடி எழுதினேன்.

மணியத்தின் வேலை தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஃபோர்மேன் பதவியை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள். அது நியாயம். அன்றிலிருந்து கோயில் வேலையையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று சார் உத்தரவு போட்டார். அதுவும் நியாயம்.

கடிதம் வந்த அன்றே மணியம் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தார். சரோஜா தேநீர் வைத்தார். முகம் வாடிக் கிடந்தது. புருஷன் ஹார்ன் அடிக்காத குற்றத்துக்காக முனிக்கு நேர்ந்துகொண்டு, அந்த வாரம் முழுக்க உப்பில்லாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தகடு, தண்ணீர், அலை எல்லாம் சொன்னேன்.

"அப்ப சாமி தள்ளல?" என்று சரோஜா கேட்டார்.

"இல்லம்மா. நான்தான்."

அவர் அழுதார். கோபத்தில் இல்லை என்று பார்த்தால் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லயமே சேர்ந்து முனி மேல பழி போட்டோமே, அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டார். மணியம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்த நேரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

புதுத் தகடுகள் செய்தேன். இந்தத் தடவை பற்றவைக்கவில்லை, மரையாணி போட்டு முடுக்கினேன். கழுவும்போது கழற்றலாம், கழுவி முடித்ததும் எண்ணி மாட்ட வேண்டும். சாமிக்கும் சுத்தத் தண்ணீர், ஓட்டுபவருக்கும் ஆபத்தில்லை. புது லோரியிலும் அப்படிச் செய்துகொள்ளுங்கள். எஞ்சினியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தோள் ஆறி மணியம் வேலைக்கு வந்த அன்று, தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் வந்து, "அரைத் தொட்டி போட்டு எறங்குவோம். நீங்க பக்கத்துல உக்காருங்க," என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஏறி உட்கார்ந்தேன். மேலிருந்து இறங்கினோம். அவர் நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். எனக்கும்தான். முனி வளைவு வந்ததும் நன்றாக அழுத்தி பிரேக் அடித்தார். லோரி நின்றது. பின்னால் தண்ணீர் சின்னச் சின்னதாக நாலைந்து தடவை தட்டிவிட்டு அடங்கியது. அவர் காலை எடுத்தார். லோரி அசையவில்லை.

என்ஜினை நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினோம். நான் கொண்டுவந்திருந்த சூடத்தைக் கல்லுக்கு முன்னால் கொளுத்தினேன். கைகூப்பி, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். மணியம் பக்கத்தில் நின்று கும்பிட்டார். சூடம் அணையும்வரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, முனிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டீங்க?"

"மன்னிப்பு கேட்டேன் மணியம். அவரு மேல பழி வந்ததுக்கு."

"எஞ்சினியருக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. என் பொண்டாட்டிகிட்ட வந்து சொன்னீங்க. இப்ப முனிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு." அவர் சூடம் கரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். "எலும்பு ஒடைஞ்சது எனக்குண்ணே."

அவ்வளவு நாளும் அது எனக்கு உறைக்கவே இல்லை. எல்லாரிடமும் போயிருந்தேன், எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். இந்த மனிதரிடம் மட்டும் கேட்கவில்லை. இளையவர் என்பதாலா, அண்ணே என்று கூப்பிடுகிறவர் எப்படியும் பொறுத்துக்கொள்வார் என்பதாலா, தெரியவில்லை. அந்த ரோட்டிலேயே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மணியம், நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு," என்றேன்.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கண்ணே. கீழ நாத்தங்கால்ல கன்னுங்க காயுது."